ஆற்றில் மீன் ஏறிய காலை

சஸ்கெஹானா என்பது ஓர் ஊரின் பெயர் என்று நினைத்துக்கொண்டுதான் ஒட்டிலியா எங்கள் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தாள்.

இலையுதிர் காலம். மதிய வேளை. நான் வாசலில் உட்கார்ந்து காயப்போடுவதற்காகப் பூசணிக்காயைக் கீற்றுக் கீற்றாக அரிந்துகொண்டிருந்தேன். மேட்டுப் பாதையில் ஒரு பெண் தனியாக இறங்கி வந்தாள். புதுப் பாவாடை, புதுச் சட்டை, காலில் புதுச் சப்பாத்து. முகம் மட்டும்தான் களைத்துப் பழசாகியிருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கப்பல் கூலிக்காக ஒருவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, கெடு முடிந்து வெளியே வருகிறவர்களுக்குத்தான் எங்கள் நாட்டில் தலையிலிருந்து கால்வரை ஒரே நாளில் புதுத்துணி கிடைக்கும். என் கணவன் கேவினும் அப்படி ஒரு கோட்டோடு வெளியே வந்தவன்தான்.

“இது சஸ்கெஹானாவா?” என்று கேட்டாள். ஜெர்மன்காரி. எங்கள் பேச்சு அவள் வாயில் கல் கல்லாக வந்து விழுந்தது.

“ஆமா.”

“வீடுங்க எங்க?”

“எந்த வீடு?”

“சஸ்கெஹானா வீடுங்க. ஜனங்க.”

நான் கத்தியை வைத்துவிட்டு அவளைக் கரைக்கு அழைத்துப்போனேன். அந்த இடத்தில் ஆறு முக்கால் மைல் அகலம். அக்கரை மரங்கள் ஒரு கருங்கோடு போலத்தான் தெரியும். “இது ஊர் இல்லம்மா. இந்த ஆத்துக்குத்தான் அந்தப் பேரு,” என்றேன். “மேல எவ்வளவு தூரம் போகுதுன்னு யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரன் ஒரு தடவை வாரக்கணக்கா படகு தள்ளிப் பாத்தான். ஆறு முடியல, அவன்தான் முடிஞ்சு திரும்பி வந்தான்.”

அவள் ஆற்றை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பிறகு புதுப் பாவாடையோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை மக்காச்சோளக் கூழ் குடித்துக்கொண்டே அவள் சொன்னது இது. ரைன் ஆற்றங்கரையில் திராட்சை போட்டவர்கள் அவளும் அவள் புருஷன் யோஸ்டும். ஒரு வருஷம் பனி கொடியைக் கருக்கியது, அடுத்த வருஷம் சிப்பாய்கள் தோட்டத்தில் குதிரை கட்டினார்கள். பெயரே தெரியாத பிரபுவுக்கு வரி மட்டும் தவறாமல் போனது. அப்போது கடிகாரச் சங்கிலி தொங்க ஒருவன் வந்து, அமெரிக்காவில் பன்றிகள் பீச் மரத்தடியில் படுத்துக்கொண்டு பழம் விழுவதற்காகக் காத்திருக்கும் என்றான். அது பொய் இல்லை, நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பன்றிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வதற்கு என்ன விலை என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

பாதிக் கடல் தாண்டிய பிறகு யோஸ்ட் காய்ச்சலில் இறந்தான். பாதிக்கு முன்னால் இறந்திருந்தால் அவனுடைய கப்பல் கூலி அவனோடு போயிருக்கும். தாண்டி இறந்ததால் அது அவள் தலையில் ஏறியது. கரை தெரிவதற்கு முன்பே காற்றில் பைன் மர வாசனை வந்ததாம். கப்பலில் எழுந்து நிற்க முடிந்தவர்கள் எல்லாம் மேல்தளத்துக்கு ஏறி வாயைத் திறந்து அந்தக் காற்றைக் குடித்தார்களாம். அவள் தன் ஐந்து வயது மகளைத் தோளில் தூக்கி வைத்து, “மோந்து பாரு, இதுதான் நம்ம நாடு,” என்றாளாம்.

பிலடெல்பியாவில் கப்பல் நின்றபோது அவளுக்கே காய்ச்சல் கண்டுவிட்டது. நினைவில்லாமல் கரையில் ஒரு கொட்டகையில் கிடந்தாள். வேலைக்கு ஆள் எடுக்கக் கப்பலேறி வந்தவர்களில் யாரோ ஒருவர் குழந்தையை எடுத்துப்போய்விட்டார். நினைவு வந்து எழுந்து கேட்டபோது கப்பல்காரர்கள் கையை மேற்கே காட்டினார்கள். “சஸ்கெஹானா பக்கம்” என்பது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்த பதில். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு லங்காஸ்டரில் ஒரு மாவு ஆலைக்காரரிடம் தன் கெடுவையும் யோஸ்டின் கெடுவையும் உழைத்து முடித்தாள். விடுதலையான மறுநாளே நடக்க ஆரம்பித்தாள்.

“பொண்ணு பேரு?” என்று கேவின் கேட்டான்.

“அப்பலோனியா.”

கேவின் என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பெயரை நாங்கள் கேட்டதே இல்லை.

“ஏம்மா,” என்றான் அவன், “இந்த நாட்டுல ஆளைத் தேடி நடந்தா காலுதான் தேயும். மரத்துக்குப் பின்னால ஒரு ஆளு, மலைக்குப் பின்னால ஒரு ஆளு. அவனவனுக்குப் பக்கத்து வீட்டுப் புகை கண்ணுல பட்டாலே ஜன நெரிசல்னு மூட்டை கட்டிருவான். பேசாம இங்கயே உக்காரு. மீன் ஏறுற சமயத்துல எல்லாரும் தானா வந்து நிப்பாங்க.”

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “எப்ப?” என்று கேட்டாள்.

அப்படித்தான் எங்கள் துறையிலேயே தங்கினாள். மாட்டைப் பார்த்துக்கொண்டாள், சணல் நூற்றாள், வசந்தம் வந்ததும் மீன் அரியும் பலகையில் நின்றாள்.

கேவின் சொன்னதில் உண்மை இருந்தது. குளிர்காலம் முழுக்க உலகத்தில் நாம் மட்டும்தான் இருக்கிறோம் என்று தோன்றும். காட்டோரத்தில் வெள்ளைப்பூ மரங்கள் பூத்து, கடலிலிருந்து ஷாட் மீன் முட்டையிட ஆற்றில் ஏற ஆரம்பித்ததும், அந்த மரங்களுக்குள்ளிருந்து மனிதர்கள் வருவார்கள். வந்துகொண்டே இருப்பார்கள். போன வருஷம் இருவராக வந்தவர்கள் இடுப்பில் ஒன்றோடு வருவார்கள். அதற்கு அடுத்த வருஷம் வயிற்றிலும் ஒன்று இருக்கும். அயர்லாந்தின் அல்ஸ்டரிலிருந்து வந்த எங்கள் ஆட்கள், ஜெர்மன்காரர்கள், வேல்ஸ்காரர்கள், எசமானோடு வரும் கறுப்பு அடிமைகள். எதிரே தீவில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான கொனஸ்டோகா குடும்பங்கள் புகை மூட்டி மீன் உலர்த்துவார்கள். ஆற்றுக்குள் அம்புமுனை போலக் கல் அடுக்கி மீனை ஒதுக்கும் வேலையை முதலில் செய்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் வருஷத்துக்கு வருஷம் பெருக, தீவில் எழும் புகை மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. அதைப் பற்றி எங்கள் கரையில் யாரும் பேசியதில்லை.

முதல் வசந்தத்தில் ஒட்டிலியா மீனையும் பார்த்தாள், வந்த குழந்தைகளின் முகத்தையும் பார்த்தாள். குனிந்து முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்ப்பாள். சில தாய்மார்கள் பயந்து குழந்தையை இழுத்துக்கொண்டார்கள். அவள் பார்த்ததெல்லாம் இடுப்பு உயரக் குழந்தைகள் என்பது பருவம் முடியும் சமயத்தில்தான் எனக்கு உறைத்தது.

“ஒட்டிலியா, அவ வளந்திருப்பாளேம்மா,” என்றேன்.

மீன் அரிந்த கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் அவள் தூக்கத்திலும் விழிப்பிலும் தேடியது தோளில் தூக்கிவைத்த அந்த ஐந்து வயதுக்காரியைத்தான். மறுநாள் கரையில் நின்ற வளர்ந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அதில் யார் வேண்டுமானாலும் அவளாக இருக்கலாம் என்பது அவளுக்கு இன்னும் பெரிய பயமாகிவிட்டது.

அதற்கடுத்த குளிர்காலம் மோசமானது. வசந்தம் வர வேண்டிய மாதத்திலும் பனி விழுந்தது. வைக்கோல் தீர்ந்து, மக்கள் கூரை வேய்ந்த புல்லைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். பிறகு பல வீடுகளில் மாடே தீர்ந்தது. அரைக்கத் தானியம் இல்லாமல் ஆலைகள் நின்றன. எங்கள் வீட்டிலும் விதைச் சோளத்தைத் தவிர ஒன்றுமில்லை. பசி தாங்காமல் ஜனங்கள் மீன் வருவதற்கு முன்பே கரைக்கு வந்து கூடாரம் போட ஆரம்பித்தார்கள். இதுவரை வராதவர்களும் வந்தார்கள்.

ஹ்யூ மெக்லிண்டாக் அப்படித்தான் முதன்முறையாக வந்தான். அக்கரையில் மலைக்குப் பின்னால் நிலம் வைத்திருந்த அல்ஸ்டர்காரன். மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடு தன் வீடு, மீன் என்றால் அது பன்றித் தீனி என்று பெருமை பேசியவன். கேவின் விடுவானா?

“என்ன ஹ்யூ, உன் பன்னிங்களுக்கு ரொம்பப் பசியா?”

“பன்னியைத் தின்னு முடிச்சாச்சுப்பா,” என்றான் ஹ்யூ. அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கேவின் அதற்குமேல் சிரிக்கவில்லை.

ஹ்யூவோடு ஒரு வேலைக்காரப் பெண் வந்திருந்தாள். பதின்மூன்று வயதிருக்கும். குச்சிபோல உயரம், வெயிலில் வெளுத்த தலைமுடி, துடுக்கான வாய். பெயர் பாலி. ஹ்யூவின் மனைவி எல்ஸ்பெத் பிள்ளை பெற்றுப் படுத்திருந்ததால் இவள்தான் வந்தாள். அல்ஸ்டர் பேச்சை எங்களைவிட வேகமாகப் பேசினாள். படகில் ஏறும்போதே கேவினிடம், “தாத்தா, படகு ஓட்டுறீங்களா, இல்ல ஆறு நம்மை எங்க விடுதோ அங்க இறங்கணுமா?” என்றாள். கேவினுக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் புலம்பினான்.

ஒட்டிலியா அவளைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் கவனித்தேன். ஆனால் பாலி என்ற பெயரும் அந்த வாயும் எங்கள் ஊர்க்காரப் பெண் என்று அடித்துச் சொல்லின. ஒட்டிலியா பார்வையை அடுத்த முகத்துக்கு நகர்த்திவிட்டாள்.

கரையில் சண்டை தொடங்கியது. தீவுக்கும் எங்கள் கரைக்கும் நடுவிலுள்ள வாய்க்காலில்தான் மீன் திரளும். அதில் முதல் இழுப்பு எங்களுக்கு என்று ஜெர்மன்காரர்கள் நின்றார்கள். அவர்களின் முன்னால் நின்றவன் ஸ்டோஃபெல் என்ற பீப்பாய் செய்கிறவன்.

“போன வருஷம் நீங்க இழுத்தீங்க. இந்த வருஷம் நாங்க,” என்றான்.

“போன வருஷம் நீங்க குடிச்சுட்டுப் படுத்திருந்தீங்க,” என்றான் எங்கள் ஆள் ஒருவன்.

“உங்க சரக்கைக் குடிச்சா எவன்தான் எந்திரிப்பான்?”

இரண்டு பக்கமும் தடி எடுத்தார்கள். ஆனால் தடியைத் தூக்கிய கைகளைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. மணிக்கட்டு எலும்பு தனியாகத் தெரிந்தது. இழுக்க வேண்டியதோ நூல் வலை அல்ல. காட்டுத் திராட்சைக் கொடிகளை முறுக்கி, இடையிடையே புதர்க் கிளைகளைச் செருகி, வாய்க்காலின் அகலத்துக்கு ஒரு பெரிய சுவர்போலக் கட்டித் தண்ணீரில் இழுத்துப்போவோம். நல்ல வருஷத்திலேயே அதை இழுக்க ஒரு பக்கத்து ஆட்கள் எல்லோரும் வேண்டும்.

கேவின் நடுவில் போய் நின்றான். “அடிச்சுக்கோங்க. தாராளமா அடிச்சுக்கோங்க. மிச்சம் இருக்குறவன் தனியா கொடியை இழுப்பான், நான் உக்காந்து வேடிக்கை பாக்குறேன்.”

யாரும் சமாதானம் என்று சொல்லவில்லை. ஸ்டோஃபெல் தடியைக் கீழே போட்டு, திராட்சைக்கொடியின் ஒரு நுனியை எடுத்தான். ஹ்யூ மறுநுனியை எடுத்தான். இரண்டு நாள் எல்லோரும் சேர்ந்து முறுக்கினோம், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே, வைதுகொண்டே.

மீன் வரவில்லை. வெள்ளைப்பூ பூத்து உதிரத் தொடங்கியது. மீன் இந்த வருஷம் கடலிலேயே நின்றுவிட்டது என்று சிலர் மூட்டை கட்டினார்கள்.

பிறகு ஒரு காலை, விடிந்து வெளிச்சம் நன்றாகப் பரவிய நேரம், மழைச் சத்தம் கேட்டது. நான் துணியை எடுக்க வெளியே ஓடினேன். வானத்தில் மேகமே இல்லை. சத்தம் ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தது. கூடாரங்களிலிருந்து ஜனங்கள் வெளியே வந்து, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கீழே ஆறு வளைகிற இடத்தில் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. அந்த நிறம் எங்களை நோக்கி நகர்ந்து வந்தது.

நான் அந்தக் கரையில் பல வசந்தங்கள் கண்டவள். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மீன் என்று சொன்னால் ஒன்று, இரண்டு என்று நினைக்கத் தோன்றும். இது அப்படி இல்லை. ஆறே உயிர் பிடித்து எழுந்து மேல்நோக்கி நடக்க ஆரம்பித்ததுபோல இருந்தது. முதுகோடு முதுகு உரச, இடமில்லாமல் மேலே வந்தவை வெயிலில் பக்கவாட்டில் புரண்டன. புரண்ட இடமெல்லாம் வெள்ளி. வாய்க்காலில் தண்ணீர் மட்டம் எங்கள் கண்ணெதிரே ஏறி, கரையோரத்துக் கற்களை நனைத்தது. துறையில் கட்டியிருந்த குதிரை கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. கட்டிக் கிடந்த எங்கள் படகை அடியிலிருந்து யாரோ முட்டுவதுபோல் தடதடவென்று சத்தம்.

கரை முழுக்க ஜனங்கள். ஸ்டோஃபெல் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஹ்யூ மெக்லிண்டாக், கல்நெஞ்சக்காரன் என்று பெயரெடுத்தவன், முழங்காலிட்டிருந்தான். இவ்வளவும் எங்கே இருந்தது, யார் அனுப்பினார்கள், பசித்து நிற்கிற எங்களை அங்கே யார் பார்த்தார்கள் என்று மனம் அடித்துக்கொண்டது.

அப்போது என் பக்கத்தில் நின்ற பாலி, மூச்சை உள்ளே இழுத்து, உரக்கக் கத்தினாள்.

“மாம்மே! குக் மோல்!”

நான் திரும்பினேன். துறையில் இருப்பவளுக்கு அந்தச் சொற்கள் பழக்கம். படகில் ஏறும் ஜெர்மன்காரக் குழந்தைகள் தண்ணீரைக் கண்டதும் தாயின் பாவாடையை இழுத்துச் சொல்வது அதைத்தான். அம்மா, பாரேன்.

“என்ன சொன்ன நீ?” என்றேன்.

“யாரு? நானா? நான் ஒண்ணும் சொல்லலையே.” அவள் கண்ணை ஆற்றிலிருந்து எடுக்கவே இல்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

“உன் பேரு என்ன?”

“பாலி. எத்தனை தடவை கேப்பீங்க?”

“ஹ்யூ!” நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். “இந்தப் பொண்ணு முழுப்பேரு என்ன?”

அவன் கன்னத்தில் கண்ணீர். “என்ன? ஏதோ நீளமா ஒண்ணு... கப்பல்ல சொன்னாங்க. அப்போ... அப்பல்... வாயில நுழையல. எல்ஸ்பெத்துதான் பாலின்னு வெச்சா. இப்ப எதுக்கு நீ அதைக் கேக்குற ஜெனட்?”

நான் ஓடினேன். மீன் அரியும் பலகைகளின் அருகில் ஒட்டிலியா நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கரையில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றவள் அவள் ஒருத்திதான். எல்லோருடைய முகமும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து, மீனின் வெளிச்சம் பட்டுத் தெளிவாகத் தெரிந்த நேரம் அது. அவள் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதைக் கேட்டதும் அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியைப் பலகையில் வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

அதற்குள் கேவின் குரல் கொடுத்துவிட்டான். எல்லோரும் தண்ணீரில் இறங்கிக் கொடியைப் பிடித்தார்கள். ஆண், பெண், கிழம், ஜெர்மன், அல்ஸ்டர், வேலைக்காரன், எசமான் எல்லாம் ஒரே வரிசை. பாலியும் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ஒட்டிலியா நேராகத் தண்ணீரில் நடந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் கொடியைப் பிடித்தாள். நான் மறுபக்கத்தில் பிடித்தேன்.

கொடி நகரவில்லை. எத்தனை பேர் இழுத்தும் நகரவில்லை. அந்தப் பக்கம் இருந்த உயிர்களின் பாரம் அப்படி. பிறகு ஸ்டோஃபெல் அவர்கள் பேச்சில் ஒரு கூவல் போட்டான், எங்கள் ஆட்களும் அர்த்தம் தெரியாமலே அதைக் கூவினார்கள். ஒரு கூவலுக்கு ஓர் அடி அசைந்தது. காலிடுக்கில் மீன்கள் பாய்ந்தன, தொடையில் மோதின. ஒட்டிலியா இழுத்தாள். ஆனால் அவள் கண் கொடியில் இல்லை.

“என்னம்மா என்னையே பாக்குற?” என்று பாலி கத்தினாள். “என் மூஞ்சியிலயா மீன் இருக்கு? இழு!”

ஒட்டிலியா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணீர் வழிய, மூக்கு வழிய, சிரித்துக்கொண்டே இழுத்தாள்.

சூரியன் உச்சிக்கு வரும்போது கல் வரப்புக்குள் மீன் மலைபோல் குவிந்துவிட்டது. அதைத் தாண்டியும் ஆறு முழுக்க மீன் போய்க்கொண்டேதான் இருந்தது. நாங்கள் எடுத்தது அதற்குத் தெரியவே இல்லை. ஜனங்கள் ஈரத் துணியோடு நெருப்பு மூட்டி, முள்ளைக்கூடச் சரியாக எடுக்காமல் தின்றார்கள்.

அந்த நெருப்போரத்தில்தான் நான் பாலியிடம் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை எனக்கு. “இவங்க உன் அம்மா.”

பாலி எழுந்துவிட்டாள். “எங்கம்மா கடல்ல செத்துட்டாங்க.”

“செத்தது உங்கப்பா.”

“எனக்கு அப்பிடித்தான் சொன்னாங்க.” அவள் ஹ்யூவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“எங்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னாங்க பாலி,” என்றான் மெதுவாக. “காய்ச்சல் கொட்டகைக்குப் போனவங்க திரும்ப மாட்டாங்கன்னாங்க. நான் போய்க் கேக்கல. அது என் தப்புதான்.”

பாலி வண்டிகள் நின்ற பக்கம் நடந்துபோய்விட்டாள். ஒட்டிலியா பின்னால் போவாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. பலகைக்குத் திரும்பி மீனைப் பிளக்க ஆரம்பித்தாள். பிளந்து, கழுவி, உப்பு தேய்த்து, பீப்பாயில் அடுக்கினாள். காத்திருந்து பழகியவள்.

வெயில் சாயும்போது பாலி திரும்பி வந்தாள். எதிர்ப்பக்கத்தில் நின்று ஒரு கத்தியை எடுத்தாள். நிறைய மீன்களைப் பிளந்த பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்: “ஏன் விட்டுட்டுப் போனீங்க?”

ஒட்டிலியாவிடம் இருந்த எங்கள் சொற்கள் கொஞ்சம்தான். அவள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

“நான் விடல. நான் படுத்திருந்தேன். எழுந்தேன். நீ இல்ல.”

பாலியின் கத்தி நின்றது.

“நடந்தேன்,” என்றாள் ஒட்டிலியா. “சஸ்கெஹானா ஊருன்னு நினைச்சேன்.”

பாலி நிமிர்ந்து அந்த ஆற்றைப் பார்த்தாள். அதன் அகலத்தையும், மேலேயும் கீழேயும் அது போய் மறைகிற தூரத்தையும், இன்னும் தீராமல் ஏறிக்கொண்டிருந்த மீனையும் பார்த்தாள். பிறகு தன் எதிரே நின்ற குள்ளமான பெண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் காலையில் கண்ட அதே வியப்பு மெல்ல ஏறியது.

“இதைப் போய் ஊருன்னு நினைச்சா நடந்து வந்தீங்க?” என்றாள். அவள் குரல் உடைந்துவிட்டது.

செய்தி பரவியதும் ஜெர்மன்காரர்கள் கூடிவிட்டார்கள். “எங்க பொண்ணு. நாங்க கூட்டிட்டுப் போறோம். யாரு தடுக்கிறான்னு பாக்கலாம்,” என்றான் ஸ்டோஃபெல்.

ஹ்யூ எழுந்து நின்றான். பாலி பதினெட்டு வயதுவரை அவன் வீட்டில் வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவன் சட்டம் பேசவில்லை. “அஞ்சு வயசுல வந்தா. எல்ஸ்பெத் மடியிலதான் தூங்குவா. இப்ப வீட்டுல கைக்குழந்தை இருக்கு, அவளால எந்திரிக்க முடியல. இவ இல்லாம நான் போய் அங்க என்னத்தச் சொல்லுவேன்?”

பாலி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. ஒட்டிலியாதான் கேட்டாள்.

“உனக்கு எங்க இருக்கணும்?”

“எல்ஸ்பெத்தம்மாவை இந்த நேரத்துல விட்டுட்டு வர முடியாது,” என்றாள் பாலி. பிறகு, “உங்களையும்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

ஒட்டிலியா ஹ்யூவிடம் திரும்பினாள். “பால் கறப்பேன். நூல் நூற்பேன். மீன் உப்பு போடுவேன். உங்க நிலத்துல ஒரு மூலை, ஒரு குடிசை. போதும்.”

“கூலி கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா.”

“கப்பல்காரன் கூலி எல்லாம் முடிஞ்சுது. இது நானா வர்றது.”

ஹ்யூ வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தான். “எல்ஸ்பெத்தைக் கேக்கணும்,” என்றான் கடைசியில். “அவ வேண்டாம்னா நான் எதுவும் பண்ண முடியாது.”

மீன் அதன் பிறகும் சில நாட்கள் ஏறியது. பீப்பாய் தீர்ந்தது, உப்பு தீர்ந்தது, மிச்சத்தைக் கொனஸ்டோகாக்கள் செய்வதைப் பார்த்துப் புகையில் தொங்கவிட்டோம். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஹ்யூவும் பாலியும் அக்கரைக்குப் போனார்கள். படகு நகரும்வரை பாலி ஒட்டிலியாவின் பக்கத்தில்தான் நின்றாள், கையைப் பிடிக்காமல், தோள் மட்டும் படும்படி.

பிறகு கரை வெறுமையானது. ஆறு பழையபடி பழுப்பாக ஓடியது. ஒட்டிலியா மாட்டைப் பார்த்துக்கொண்டாள், நூல் நூற்றாள், அக்கரையைப் பார்த்தாள். எல்ஸ்பெத் இடத்தில் நான் இருந்தால் சம்மதிப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வளர்த்த பெண்ணின் தாயைத் தன் வாசலுக்குக் கூப்பிட எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு காலை அக்கரையிலிருந்து கொம்பு ஊதுகிற சத்தம் கேட்டது. படகு வேண்டும் என்றால் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஒருமுறை ஊதிவிட்டுக் காத்திருப்பார்கள். இது நிற்காமல் ஊதியது. மூச்சு வாங்கி வாங்கி ஊதியது.

“அந்த வாயாடியாத்தான் இருக்கும்,” என்றான் கேவின். “வேற யாருக்கு அவ்வளவு மூச்சு இருக்கு?”

நானும் கூடப் போனேன். ஒட்டிலியா ஒரு பீப்பாய் உப்புமீன், ஒரு ராட்டை, ஒரு துணிமூட்டை இவற்றோடு படகின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆறு தாண்டியதும் எழுந்து நின்றுவிட்டாள். கேவின் உட்காரச் சொல்லிக் கத்தினான். அவள் காதில் விழவில்லை.

கரையில் பாலி மட்டும் நிற்கவில்லை. ஹ்யூவின் குதிரை மேல், வெளுத்த முகத்தோடு, கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு எல்ஸ்பெத் மெக்லிண்டாக் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவள் படுக்கையை விட்டு எழுந்ததே இல்லை என்று ஹ்யூ சொல்லியிருந்தான். மலையைத் தாண்டி அந்த உடம்போடு வந்திருந்தாள்.

படகு தட்டியதும் ஒட்டிலியா இறங்கி, அவள் முன்னால் போய் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“அவ கம்பளி போட்டா சொறிவா,” என்றாள் எல்ஸ்பெத். “அதனால சணல்தான் உடுத்தக் கொடுத்தேன். பல்லு விழுந்தப்ப ரொம்ப அழுதா. ஒரு தடவை அம்மை வந்துச்சு, நான் பக்கத்துலயே இருந்தேன். வேற என்ன கேக்கணுமோ கேளுங்க. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு.”

ஒட்டிலியாவுக்கு அதில் பாதிகூடப் புரிந்திருக்காது. அவள் கையை நீட்டி எல்ஸ்பெத்தின் முழங்காலைத் தொட்டாள். பிறகு கைக்குழந்தையை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் உயர்த்தினாள். எல்ஸ்பெத் கட்டை அவிழ்த்து அதைக் கொடுத்தாள்.

குதிரையின் கயிற்றைப் பாலி பிடித்துக்கொண்டாள். நாங்கள் பீப்பாயைக் கரையேற்றி வைத்தோம், ஹ்யூ வண்டியோடு பின்னால் வருவான் என்றார்கள். அவர்கள் மூவரும் அந்தச் சிசுவோடு மேட்டுப் பாதையில் ஏறிப்போனார்கள், பாலி மட்டும் இடைவிடாமல் இரண்டு பக்கமும் எதையோ பேசிக்கொண்டே. மரங்கள் அவர்களை மூடிய பிறகும் அவள் குரல் கேட்டது.

கேவின் துடுப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அந்தக் குரல் தேய்ந்து மறையும்வரை நாங்கள் படகைத் தள்ளவில்லை.